தனிச் சமையலா, எல்லோருக்கும் ஒரே சமையலா? ஒவ்வாமை உள்ள வீட்டுக்கு நான்கு வழிகள்

"குழந்தைக்கு முட்டை ஆகாது என்று உறுதியாகிவிட்டது. மற்ற மூன்று பேருக்கு ஒன்றும் இல்லை. இனி வீட்டில் முட்டையே வாங்கக் கூடாதா, இல்லை அவளுக்கு மட்டும் தனியாகச் சமைக்கலாமா?" இந்தக் கேள்வி வெவ்வேறு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு வீட்டில் பால், இன்னொரு வீட்டில் வேர்க்கடலை. ஒரு வருடமாகத் தினமும் இரண்டு சமையல் செய்து களைத்தவரும் கேட்கிறார், நேற்றுதான் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கியவரும் கேட்கிறார்.

என் மகனுக்கு இரண்டு வயதிலிருந்து பாலும் முட்டையும் ஆகாது. இப்போது ஒன்பது வயது. இந்த ஏழு வருடத்தில் கீழே சொல்லப்போகும் நான்கு வழிகளையும் ஏதோ ஒரு கட்டத்தில் செய்து பார்த்துவிட்டோம். எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது, எங்கள் வீட்டுக்கே எல்லா வயதிலும் பொருந்தவில்லை.

வெளிச் சாப்பாட்டில்தான் ஆபத்து, வீட்டுச் சாப்பாடு பத்திரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கனடாவில் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள ஏறத்தாழ 1900 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. தவறுதலாக வேர்க்கடலை உள்ளே போன சம்பவங்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் குழந்தையின் சொந்த வீட்டில்தான் நடந்திருந்தது. அதனால் அடுப்படியை எப்படி நடத்துவது என்ற கேள்வியைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்.

## முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

"ஆகாது" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. பால் புரதத்துக்கு உடல் எதிர்த்து நிற்பது ஒவ்வாமை. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்புவது ஒவ்வாமை இல்லை. அவர்களுக்கு லாக்டோஸ் நீக்கிய பால் போதும், ஒவ்வாமை உள்ளவருக்கோ அதே பால் ஆபத்து, ஏனென்றால் புரதம் அதில் அப்படியே இருக்கிறது. கோதுமையில் உள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் மூன்றாவது வகை. அதில் மூச்சுத் திணறி உயிருக்கு ஆபத்து வரும் பேச்சு இல்லை, ஆனால் தினமும் துளித்துளியாகப் போனாலும் குடல் கெடும்.

இன்னொன்று, ரத்தப் பரிசோதனையிலோ தோல் பரிசோதனையிலோ ஒரு பொருளின் பெயர் வந்துவிட்டதாலேயே அது ஒவ்வாமை ஆகிவிடாது. சாப்பிட்டு எந்தத் தொந்தரவும் வராதவர்களுக்கும் அப்படி வரும். பட்டியலில் பத்துப் பெயர் இருந்தால், உண்மையிலேயே எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். பத்துப் பொருளுக்கு ஏற்றபடி அடுப்படியை மாற்றுவதும் இரண்டு பொருளுக்கு மாற்றுவதும் ஒரே வேலை இல்லை.

## எதை வைத்து முடிவு செய்வது

எவ்வளவு போதும்? சிலருக்கு ஒரு வாய் சாப்பிட்டால்தான் எதிர்வினை வரும். சிலருக்குக் கரண்டியில் ஒட்டியிருந்ததே போதும். முன்பு லேசாக வந்தது அடுத்த முறையும் லேசாகத்தான் வரும் என்று கணக்குப் போட முடியாது, அதையும் நினைவில் வையுங்கள்.

அந்தப் பொருள் எப்படிப் பரவும்? இதை யாரும் யோசிப்பதில்லை, ஆனால் பாதி முடிவு இதில்தான் இருக்கிறது. வேகவைத்த முட்டை தட்டிலேயே கிடக்கும். மாவு காற்றில் பறந்து மேடை முழுக்கப் படியும். வேர்க்கடலை வெண்ணெய் கைப்பிடி, கதவு, தொலைபேசி என்று ஒட்டிக்கொண்டே போகும். மீனோ இறாலோ கொதிக்கும்போது அதன் புரதம் ஆவியோடு சேர்ந்து வரும், சிலருக்கு அந்த ஆவியே போதும்.

அவருக்கு என்ன வயது? தரையில் கிடப்பதை எடுத்து வாயில் போடும் வயதா, "இதில் பால் இருக்கா?" என்று கேட்கத் தெரிந்த வயதா?

அடுப்படியில் எத்தனை கைகள்? ஒருவரே சமைத்தால் எந்த ஏற்பாடும் ஓரளவு ஓடும். மூன்று பேர் மாறி மாறிச் சமைக்கும் வீட்டில், விதி எவ்வளவு எளிமையாக இருக்கிறதோ அவ்வளவுதான் பாதுகாப்பு.

அப்புறம், சத்து. எள்ளை விட்டால் உடலுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. வளரும் குழந்தைக்குப் பாலை விட்டால் புரதத்துக்கும் கால்சியத்துக்கும் வேறு வழி பார்த்தாக வேண்டும்.

## ஒரு பார்வையில்

| வழி | தவறுதலாகக் கலக்கும் வாய்ப்பு | தினசரி வேலை | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|
| வீட்டிலேயே தடை | மிகக் குறைவு | குறைவு | அசட்டுத் துணிச்சல், தம்பி தங்கைக்கு வரும் சிக்கல் |
| அவருக்குத் தனிச் சமையல் | அதிகம் | மிக அதிகம் | களைப்பு, ஒதுக்கப்பட்ட உணர்வு |
| பொது அடிப்படை, மேலே சேர்ப்பது அவரவர் | நடுத்தரம் | பழகியபின் குறைவு | முதல் இரண்டு மாதக் குழப்பம், மறுமுறை பரிமாறுவது |
| மாற்றுப் பொருள் | குறைவு | நடுத்தரம் | பணம், புதிய ஒவ்வாமைப் பொருள் நுழைவது |

## வழி 1: வீட்டிலேயே தடை

பொருள் வீட்டுக்குள் வராது, அவ்வளவுதான் விதி. பாட்டிக்கும் புரியும், விருந்தாளிக்கும் புரியும், வீட்டு வேலைக்கு வருபவருக்கும் புரியும். கைக்குழந்தையோ தவழும் குழந்தையோ இருக்கும் வீட்டில் இதைவிட நிம்மதியான ஏற்பாடு கிடையாது. வேர்க்கடலை, எள், முந்திரி, இறால் போன்று எளிதில் விட்டுவிடக்கூடிய, ஒட்டும் அல்லது ஆவியாகும் பொருளாக இருந்தால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இதன் செலவுகள் உடனே தெரியாது. "நம் வீட்டில்தான் அது இல்லையே" என்ற நினைப்பு வந்ததும் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிப்பது நின்றுவிடும். தடை போட்ட வீட்டுக்குள் அந்தப் பொருள் முழுசாக நடந்து வராது, பிஸ்கட்டுக்குள்ளும் பொடிக்குள்ளும் ஒளிந்துதான் வரும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பள்ளிகளை வைத்துச் செய்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. வேர்க்கடலைக்குத் தடை விதித்த பள்ளிகளிலும் விதிக்காதவற்றிலும் கடும் எதிர்வினைக்கு அட்ரினலின் என்ற அவசர ஊசி போட நேர்ந்த விகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கென்று வேர்க்கடலை இல்லாத மேசை வைத்த பள்ளிகளில் அந்த விகிதம் குறைவாக இருந்தது. பள்ளியும் வீடும் ஒன்றல்ல என்பது சரிதான். ஆனாலும் தடை என்று எழுதி ஒட்டுவதோடு வேலை முடியவில்லை என்பதற்கு இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இரண்டாவது செலவு அடுத்த குழந்தைக்கு. 2015-இல் லண்டனிலிருந்து வெளியான லீப் ஆய்வில், கடும் எக்ஸிமா என்ற தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 4 முதல் 11 மாதம் வரையான 640 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். வேர்க்கடலையைத் தவிர்த்த குழுவில் ஐந்து வயதில் 17.2 சதவீதம் பேருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. சின்ன வயதிலிருந்தே அதை உணவில் சேர்த்துவந்த குழுவில் 3.2 சதவீதம்தான். அதாவது மூத்தவனுக்காக வீட்டில் முழுத் தடை போட்டால், கைக்குழந்தை அந்தப் பொருளைச் சரியான வயதில் சாப்பிடும் வாய்ப்பும் சேர்ந்தே போகிறது. கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால், தடை போடும் முன் இதை மருத்துவரிடம் கேளுங்கள். மூத்தவன் பள்ளிக்குப் போன நேரத்தில் ஊட்டிவிட்டு, கை, வாய், இருக்கை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவுவது நடக்கக்கூடிய காரியம்தான்.

பால், முட்டை, கோதுமை ஆகியவற்றுக்கு வீடு முழுக்கத் தடை போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அதிலும் மற்ற பிள்ளைகள் வளரும் வயதில் இருந்தால். எங்கள் வீட்டில் பாலுக்குத் தடை போட்டுப் பார்த்தோம். ஐந்தாவது வாரம் என் கணவர் அலுவலகத்திலிருந்து வரும் வழியில் திருட்டுத்தனமாகக் காபி குடித்துவிட்டு வந்தார். யாராலும் கடைப்பிடிக்க முடியாத விதி இப்படித்தான் ஆகும்.

## வழி 2: அவருக்கு மட்டும் தனிச் சமையல்

பெரும்பாலோர் இயல்பாக முதலில் தொடங்குவது இது. மற்றவர்களின் சாப்பாடு மாறாது, ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு சின்னப் பாத்திரத்தில் தனியாக ஏதாவது. கேட்க நியாயமாகத் தெரியும். என் அனுபவத்தில் நான்கில் மிக ஆபத்தானது இதுதான்.

காரணம், இரண்டு சமையலும் ஒரே மேடையில், ஒரே நேரத்தில், ஒரே ஆளின் இரண்டு கைகளில் நடக்கிறது. ஒருநாள் இரவு நானே பெரிய பாத்திரத்தில் கிரீம் கலந்த கரண்டியால் அவனுடைய சின்னப் பாத்திரத்தையும் ஒரு கிண்டு கிண்டினேன். கண் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, கை கேட்கவில்லை. அவன் சாப்பிடும் முன் நினைவு வந்ததால் தப்பித்தோம். கடைசி ஐந்து நிமிடம், பசித்த பிள்ளைகள், தொலைபேசி மணி என்று எல்லாம் சேரும் நேரத்தில்தான் இந்த ஏற்பாடு உடைகிறது.

இதைத்தான் செய்தாக வேண்டும் என்றால் வரிசையை மாற்றுங்கள். அவருடையதை முதலில் சமைத்து, மூடி, மேடையை விட்டே நகர்த்திவிட்டு, பிறகு மற்றதைத் தொடங்குங்கள். எஃகு, கண்ணாடிப் பாத்திரங்களைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினால் போதும், இரண்டாவது செட் தேவையில்லை. தனியாக வாங்க வேண்டியவை வேறு: மரக்கரண்டி, வெட்டும் பலகை, சல்லடை, துருவி, கீறல் விழுந்த நான்-ஸ்டிக் சட்டி, ரொட்டி சுடும் டோஸ்டர், பாத்திரம் தேய்க்கும் பஞ்சு. பொரித்த எண்ணெயை மறுபடி பயன்படுத்தினால், முன்பு பொரித்தது என்னவோ அது எண்ணெயிலும் இருக்கும்.

கை கழுவுவதில் ஒரு தகவல். வேர்க்கடலைப் புரதத்தை வைத்து 2004-இல் செய்த ஆய்வில், சோப்பும் தண்ணீரும் அதைக் கையிலிருந்து நீக்கின, ஈரத் துடைப்பான்களும் நீக்கின. வெறும் தண்ணீரில் கழுவிய கைகள் சிலவற்றில் அது மிச்சம் இருந்தது, கிருமிநாசினி ஜெல் தேய்த்தவற்றிலும் இருந்தது. ஜெல் கிருமியைத்தான் கொல்லும், புரதத்தைக் கையை விட்டு எடுத்துப் போகாது.

செலவில் இன்னொன்று, தட்டு. தினமும் எல்லோரும் ஒன்று சாப்பிட, ஒரு பிள்ளை மட்டும் வேறொன்று சாப்பிடுகிறது. தனியாகச் செய்யும் சின்ன அளவுக்கு யாரும் மெனக்கெடுவதும் இல்லை. நான்கு நாளில் மூன்று நாள் அதே சோறும் உருளைக்கிழங்கும்தான். சத்தும் சுருங்குகிறது, முகமும் சுருங்குகிறது.

எப்போது இது சரி? மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் ஒரு பொருளை நீக்கிப் பார்க்கச் சொல்லும்போது. மற்றவர்களோடு வேளை ஒத்துப்போகாத பெரியவர் தனக்குத் தானே சமைத்துக்கொள்ளும்போது. தினமும் மாவு புழங்கும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் சீலியாக் இருந்து, அவருக்கென்று ஓர் ஓரத்தையே ஒதுக்க முடியும்போது.

## வழி 3: பொது அடிப்படை, மேலே சேர்ப்பது அவரவர் தட்டில்

பாத்திரத்தில் இருப்பது எல்லோருக்கும் ஆகும். ஆகாதது எதுவோ அது தட்டில்தான் சேரும். காய்கறி சூப்பை அப்படியே இறக்கிவிட்டு, வேண்டியவர் தன் கிண்ணத்தில் கிரீம் ஊற்றிக்கொள்வது. சோறும் காயும் பொதுவாக இருக்க, முட்டையைத் தனியாக வேகவைத்து மேலே வைத்துக்கொள்வது. பாலாடைக்கட்டியை அவரவர் துருவிக்கொள்வது.

எனக்குப் பிடித்த வழி இது என்று இந்நேரம் புரிந்திருக்கும். ஒரே சமையல். எல்லோர் தட்டிலும் முக்கால்வாசி ஒன்றே. கரண்டி மாறினாலும் பாத்திரத்தில் ஆபத்து இல்லை. ஒவ்வாமைப் பொருள் அடுப்படியை விட்டு மேசைக்கு நகர்ந்துவிடுகிறது, மேசையைக் காவல் காப்பது அடுப்படியைக் காப்பதைவிட எளிது.

எளிது என்றேன், தானாக நடக்கும் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நிலைத்த விதிகள் மூன்று. அவன்தான் முதலில் பரிமாறிக்கொள்வான். சேர்க்கும் பொருட்கள் மேசையின் மறுகோடியில், ஒவ்வொன்றுக்கும் தன் கரண்டியோடு இருக்கும். மூன்றாவதுதான் எல்லோரும் கோட்டைவிடும் இடம்: மறுமுறை பரிமாறுவது. கிரீம் பட்ட கரண்டியோடு யாராவது பொதுப் பாத்திரத்துக்குத் திரும்பி வருவார்கள். அதனால் அவனுடைய இரண்டாவது பங்கையும் மறுநாள் டப்பாவுக்கானதையும் சாப்பாடு தொடங்கும் முன்பே எடுத்து மூடி வைத்துவிடுவேன். ஒருமுறை மேசைக்குப் போன பாத்திரத்தில் மிஞ்சியது மறுநாள் அவனுக்குக் கிடையாது.

இதன் செலவு ஆரம்பத்தில்தான். பழகிய சமையலில் பாதி அப்படியே உட்காராது. மாவில் பிசைந்தது, முட்டையில் தோய்த்தது, பாலில் வெந்தது எதையும் கடைசியில் பிரிக்க முடியாது. இரண்டு மாதம் போல யோசித்து யோசித்துச் சமைக்க வேண்டியிருந்தது. அப்புறம் பதினைந்து சமையல் கைவசம் வந்துவிட்டது. சராசரிக் குடும்பம் சுற்றிச் சுற்றிச் சமைப்பதும் அவ்வளவுதானே!

பொது அடிப்படை உண்மையிலேயே பொதுவா என்று பார்ப்பதும் வேலைதான். கடையில் வாங்கும் மசாலாக் கலவை, சூப்புக் கட்டி, சாஸ் எல்லாவற்றிலும் பால் பொடியோ கோதுமையோ கடுகோ இருக்கலாம். பொட்டலத்தில் என்ன எழுத வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 பொருட்களைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும், கடுகும் செலரியும் அதில் உண்டு. அமெரிக்கப் பட்டியலில் ஒன்பதுதான். அதிலும் எள் சேர்ந்தது 2023-இல். கடுகு அங்கே இல்லை. "இருக்கக்கூடும்" என்ற எச்சரிக்கை வாசகம் பல நாடுகளில் கட்டாயமே இல்லை, ஆகவே அது இல்லாததைப் பாதுகாப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பொடித்த கடலையைத் தூவிக்கொள்ளும் மேசையில் இரண்டு வயதுக் குழந்தை உட்கார்ந்தால் இந்த வழி தோற்றுவிடும். அங்கே வழி 1-தான்.

## வழி 4: மாற்றுப் பொருள் போட்டு அதே உணவு

பிறந்தநாள் கேக்கைத் தட்டில் பிரித்துச் சேர்க்க முடியாது. அங்கே இதுதான் வழி. அந்தப் பொருள் அந்த உணவில் என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு முட்டை மாவைப் பிடித்து வைக்கத்தான் என்றால், ஒரு மேசைக்கரண்டி பொடித்த ஆளிவிதையை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் ஊறவைத்தால் போதும். ஐந்து முட்டையை அடித்து நுரையால் எழும்பும் கேக்கில் அது நடக்காது, முயன்று மாவை வீணாக்க வேண்டாம்.

பால் விஷயத்தில் கவனம் வேண்டும். ஆட்டுப்பால் மாற்று ஆகாது. பசும்பால் ஒவ்வாமை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதுவும் ஆகாது. தாவரப் பால்களில் புரதத்தில் பசும்பாலுக்கு அருகில் வருவது சோயா, பாதாமும் அரிசியும் மிகக் குறைவு. அரிசிப் பாலில் ஆர்செனிக் அளவைக் கருதி ஐந்து வயதுக்குள் பாலுக்குப் பதிலாக அதைக் கொடுக்க வேண்டாம் என்பது பிரிட்டன் சுகாதாரத் துறையின் அறிவுரை. கால்சியம் சேர்த்த வகையாகப் பார்த்து வாங்கி, குலுக்கிவிட்டு ஊற்றுங்கள், அடியில் படிந்துவிடும்.

மாற்றுப் பொருளின் உண்மையான பொறி, அது வேறொரு ஒவ்வாமைப் பொருளாகவே இருப்பது. குளூட்டன் இல்லாத மாவுக் கலவைகளில் லூபின் என்ற பருப்பு மாவு வருவது உண்டு, வேர்க்கடலை ஆகாத சிலருக்கு அதுவும் ஆகாது. குளூட்டன் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் உள்ள பொருள், கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற வரம்புக்குள் இருந்தால், சீலியாக் உள்ளவருக்குச் சரி. கோதுமை ஒவ்வாமை உள்ளவருக்குச் சரியில்லை. முந்திரி ஆகாதவருக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஆகாது. தயாரிப்பாளர் சொல்லாமல் கொள்ளாமல் கலவையை மாற்றுவதும் உண்டு, வழக்கமாக வாங்குவதையும் ஒவ்வொரு முறையும் படிக்கத்தான் வேண்டும்.

தினசரி முழுச் சமையலையும் மாற்றுப் பொருளால் ஓட்டினால் பணம் நிற்காது. விசேஷ நாளுக்கும், பள்ளியில் மற்றவர்களைப் போலவே சாப்பிட ஆசைப்படும் பிள்ளையின் டப்பாவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

## "வேகவைத்தால் போய்விடாதா?"

பொருளைப் பொறுத்தது. பால், முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர், மாவோடு சேர்ந்து அடுப்பில் நன்றாக வெந்த கேக்கில் உள்ளதைத் தாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் பிள்ளை அந்தப் பெரும்பான்மையில் இருக்கிறதா என்பதை மருத்துவமனையில் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், வீட்டில் அல்ல. மீன், இறால் புரதங்கள் கொதித்தாலும் அசையாது. வேர்க்கடலையை வறுப்பது ஒவ்வாமையைக் குறைக்காது, கூட்டவே செய்யும்.

## உங்கள் வீட்டுக்கு எது

நான் சொல்வது ஒரு கலவை. எளிதில் விட்டுவிடக்கூடிய, ஒட்டும் அல்லது ஆவியாகும் பொருளுக்குத் தடை. பால், முட்டை, கோதுமைக்குப் பொது அடிப்படை. விசேஷத்துக்கு மாற்றுப் பொருள். தனிச் சமையல் குறுகிய காலத்துக்கு மட்டும்.

வீட்டில் இருவருக்கு வெவ்வேறு பொருள் ஆகாது என்றால், தடைகளைக் கூட்டிக்கொண்டே போனால் ஒன்றும் மிஞ்சாது. இருவருக்கும் ஆகிற அடிப்படையைத் தேடுங்கள். "கொஞ்சம் கொடுத்தால் பழகிவிடும்" என்று நம்பும் பெரியவர் அடுப்படியில் இருந்தால், அவர் மனம் மாறும்வரை தடைதான் ஒரே பாதுகாப்பு. பதின்பருவத்துப் பிள்ளை என்றால் வழி 3-ஐ அவன் கையிலேயே கொடுத்துவிடலாம், கரண்டியோடு சேர்த்து.

எந்த வழியானாலும், மருத்துவர் அட்ரினலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் அது பூட்டிய அலமாரியில் இருக்கக் கூடாது. மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் தொடையின் வெளிப்பக்கத்தில் ஊசிதான் முதலில், கூடவே அவசர உதவிக்கு அழைப்பு. அரிப்புக்குக் கொடுக்கும் ஒவ்வாமை மாத்திரை அந்த நிலையை நிறுத்தாது.

எடுத்த முடிவை வருடம் ஒருமுறை திறந்து பாருங்கள். பால், முட்டை ஒவ்வாமை பல குழந்தைகளுக்கு வளர வளர விலகிவிடும். வேர்க்கடலை, மீன், இறால் ஒவ்வாமை பெரும்பாலும் நிலைத்துவிடும். எங்கள் மகன் போன வருடம் மருத்துவமனையில், கேக்கில் வெந்த முட்டைக்கான சோதனையில் தேறிவிட்டான். கேக் இப்போது பொதுப் பட்டியலில் இருக்கிறது. பால் கிண்ணம் மட்டும் இன்னும் மேசையின் மறுகோடியில்.